பல்கலைக்கழகப் படிப்பிற்கு இணையவழி ஆயத்தம்

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

 

உயர்கல்வி என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் எனக்குப் பணித்தனர். கல்வியின் பெருமையைச் சிறப்புற எடுத்துரைக்கக் கூடியோர் இம்மேடையில் பலர் அமர்ந்துள்ளனர். ஆகவே அப்பணியை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடன் ஆலை வண்டியில் ஏறிச் சென்றுவிட்ட நம் பிள்ளைகள், அவ்வேலையில் இருந்துகொண்டே ஒரு பல்கலைக்கழகப் பட்டத்திற்கு எவ்வாறு ஆயத்தமாகலாம் என்னும் ஒரே செய்தியைச் சொல்லவே வந்துள்ளேன்.

நாம் வாழும் இந்தப் பகுதியின் கதையை நீங்கள் அறிவீர்கள். திருப்பெரும்புதூரைச் சுற்றியுள்ள ஊர்கள் ஒரு காலத்தில் ஏரிப் பாசன ஊர்கள். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தின் கார் உற்பத்தி தொடங்கிற்று. 2006இல் நோக்கியா கைபேசி ஆலை வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிஸான் ஆலை திறக்கப்பட்டது. அதன் பின்னர் சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், மாம்பாக்கம் என எத்திசை நோக்கினும் தகரக் கூரைகளும் கொடிக்கம்பங்களுமே காட்சி தருகின்றன. நிலம் வைத்திருந்தவர்களுக்கு விலை கிடைத்தது. அந்த நிலத்தில் நாற்று நட்டுக் களை பறித்த நம் தாய்மார்களுக்கு என்ன கிடைத்தது? நிலம் அவர்கள் பெயரில் இல்லாதபடியால் இழப்பீடும் இல்லை. நிலம் போனபின் நடவுக் கூலியும் இல்லை. அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஆலை வாயில் திறந்தது என்பது உண்மை. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆண்டையின் களத்தில் கைகட்டி நின்ற பாட்டனாரின் பேரன், சீருடையும் அடையாள அட்டையும் அணிந்து சமமாக உணவுக்கூடத்தில் அமர்ந்து உண்கிறான். அது சிறிய மாற்றம் அன்று.

ஆயினும் அந்த அடையாள அட்டையின் நிறத்தைக் கவனித்திருக்கிறீர்களா? நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு நிறம், பயிற்சியாளருக்கு ஒரு நிறம், ஒப்பந்தக்காரரின் ஆளுக்கு மற்றொரு நிறம். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் கழுத்தில் தொங்குவது எந்த நிறம் என்பதை இங்கிருக்கும் தாய்மார்கள் என்னைவிட நன்கு அறிவார்கள். பயிற்சிக் காலம் முடிந்ததும் அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். இருபத்திரண்டு வயதில் "முன் அனுபவம்" உள்ளவனாகவும், வேலை இல்லாதவனாகவும் ஒருவன் வீடு திரும்புகிறான். ஒப்பந்தத் தொழிலாளிக்கு மட்டும்தான் இந்நிலை என்று எண்ண வேண்டா. நோக்கியா ஆலை 2014 நவம்பர் முதல் நாள் உற்பத்தியை நிறுத்தியபோது நிரந்தரத் தொழிலாளர்களும் வெளியேறினர். மறைமலைநகரில் ஃபோர்டு ஆலை 2022இல் மூடப்பட்டது. ஆலை என்பது வரும், போகும். போகும்போது கையில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

சில மாதங்களுக்கு முன்னர், நன்றாகக் கணிதம் போடக்கூடிய மாணவன் ஒருவனைக் கல்லூரியில் சேர்க்குமாறு அவன் தாயாரிடம் கேட்டேன். அவர் சொன்னார்: "சார், வண்டி வாசல்ல வந்து ஏத்திக்கிட்டுப் போவுது. மாசம் பொறந்தா பணம் வருது. மூணு வருசம் படிக்க வச்சுட்டு, அப்புறமும் அதே வண்டிலதானே ஏறப் போறான்?" இந்தக் கேள்விக்கு "கல்வி கண் போன்றது" என்று பதில் சொல்வது, பசித்தவனுக்குப் படம் காட்டுவது போலாகும். அந்த அம்மையார் கணக்குத் தெரியாதவர் அல்லர். வீட்டுக் கடனுக்கும் மகளின் திருமணத்திற்கும் அவர் போட்ட கணக்கு சரியானதே. ஆகவே மாதச் சம்பளத்தை இழக்காமல் படிக்கும் வழி உண்டா என்று பார்க்க வேண்டியது ஆசிரியர்களின் கடமையும் இச்சங்கத்தின் கடமையும் ஆகிறது.

இந்தச் சிந்தனை நமக்குப் புதியதன்று. 1891இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பில் இருந்த திரெமென்கீர் நம் மக்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கைக்குப் பின்னர்தான், 1892இல் பஞ்சமி நிலம் பற்றிய ஆணையும் 1893இல் நம் பிள்ளைகளின் கல்வி பற்றிய ஆணையும் வெளிவந்தன. நிலம் எங்கே போயிற்று என்பது வேறொரு கூட்டத்தில் பேச வேண்டிய பொருள். கல்வியைப் பற்றி மட்டும் இன்று பேசுவோம். அண்ணல் அம்பேத்கர் அவர்கள் மக்கள் கல்விக் கழகத்தின் வாயிலாக 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியபோது, வகுப்புகளைக் காலையிலேயே வைத்தார். காலையில் படித்துவிட்டுப் பகலில் வேலைக்குச் செல்லும் இளைஞர்கள் படிக்க வேண்டும் என்பதே காரணம். தொழிலாளியைக் கல்லூரியின் நேரத்திற்கு வளைக்காமல், கல்லூரியின் நேரத்தைத் தொழிலாளிக்கு வளைத்தார். அண்ணலின் வாழ்க்கையிலேயே இதற்கு விளக்கம் உண்டு. உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் இலண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் தாயகம் திரும்பினார். பம்பாய் சிடன்காம் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றிப் பணம் சேர்த்து, நண்பரிடம் கடனும் பெற்று, 1920இல் மீண்டும் கப்பல் ஏறினார். 1921இல் எம்.எஸ்ஸி., 1923இல் டி.எஸ்ஸி. பட்டங்களைப் பெற்றார். இடையில் வேலைக்குச் சென்றவனின் படிப்பு முடிந்துவிட்டது என்று சொல்வோர்க்கு இதைவிட வேறு பதில் தேவையில்லை.

இனிச் செய்திக்கு வருகிறேன். இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் கிண்டியில் இருக்கிறது சென்னை ஐ.ஐ.டி. 1959 முதல் அங்கே இருக்கிறது. நம் தெருவிலிருந்து அதன் வாயிலுக்குள் மாணவராகச் சென்றோர் எத்தனை பேர் என்று நான் கேட்கப் போவதில்லை. ஜே.இ.இ. என்னும் நுழைவுத் தேர்வு ஒரு மதில். அதற்குப் பயிற்சி தரும் தனியார் நிறுவனங்களின் கட்டணம் இரண்டாவது மதில். அந்த நிறுவனமே 2020இல் தரவு அறிவியலில் ஓர் இணையவழிப் பட்டப் படிப்பை அறிவித்தது. இப்போது அது நான்காண்டு பி.எஸ். பட்டமாக நடைபெறுகிறது. 2023 முதல் மின்னணு அமைப்புகள் பற்றிய மற்றொரு பட்டப் படிப்பும் உண்டு. தரவு அறிவியல் படிப்பிற்கு ஜே.இ.இ. எழுதியிருக்க வேண்டியதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவில் தேறியிருந்தாலும் போதும். பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். வயது வரம்பு இல்லை. வேலையில் இருப்போரும் சேரலாம். மின்னணுப் படிப்பிற்கு மட்டும் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் வேண்டும்.

சேர்க்கை நடைபெறும் முறைதான் இன்றைய உரையின் மையம். முதலில் தேர்வு வைத்துவிட்டு "நீ தகுதியற்றவன்" என்று அனுப்பிவிடும் வழக்கத்திற்கு மாறாக, இங்கே முதலில் பாடம் நடத்துகிறார்கள். அதன் பிறகே தேர்வு வைக்கிறார்கள். விண்ணப்பித்த அனைவருக்கும் நான்கு வாரம் இணையவழியில் பாடம் உண்டு. கணிதம், புள்ளியியல், கணிப்பு முறைச் சிந்தனை, ஆங்கிலம் என்று நான்கு பாடங்கள். வாரந்தோறும் ஒப்படைப்புகளைச் செய்து முடிக்க வேண்டும். அவற்றில் குறிப்பிட்ட மதிப்பெண் பெற்றோர், ஒரு தேர்வு மையத்திற்கு நேரில் சென்று நான்கு மணி நேரத் தகுதித் தேர்வை எழுத வேண்டும். அந்த நான்கு வாரப் பாடத்திலிருந்தே வினாக்கள் வரும். பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர் ஒவ்வொரு பாடத்திலும் 30 விழுக்காடும், மொத்தத்தில் 40 விழுக்காடும் பெற வேண்டும். எத்தனை பேர் தேறினாலும் அத்தனை பேருக்கும் இடம் உண்டு. ஒருவன் வெல்ல மற்றொருவன் தோற்க வேண்டிய போட்டி அன்று இது. தவறியவர் மீண்டும் முயலலாம்.

அந்த நான்கு வாரத்தில் கணிதத்தில் என்ன நடத்துகிறார்கள் என்று பார்த்தேன். கணங்கள், உறவுகள், சார்புகள்; நேர்க்கோட்டின் சமன்பாடு; இருபடிச் சமன்பாடு; பல்லுறுப்புக் கோவைகள். என் மேசையில் நம் அரசின் பாடநூல்கள் இருந்தன. ஒன்பதாம் வகுப்புக் கணித நூலின் முதல் இயல் "கண மொழி". பத்தாம் வகுப்பு நூலின் முதல் இயல் "உறவுகளும் சார்புகளும்". அதே நூலில் இருபடிச் சமன்பாடும் நேர்க்கோடும் புள்ளியியலும் உள்ளன. அப்படியானால் தமிழ் வழியில் அரசுப் பள்ளியில் படித்த நம் பிள்ளைக்கு இவை தெரியாதவை அல்ல. இவற்றின் ஆங்கிலப் பெயர்தான் தெரியாது. கணம் என்பதைச் செட் என்றும், சார்பு என்பதைப் பங்ஷன் என்றும், இடைநிலை அளவு என்பதை மீடியன் என்றும் அங்கே சொல்கிறார்கள். பெயர் தெரியாத காரணத்தால், தெரிந்த பொருளையே தெரியாதது என்று நம்பி அஞ்சி ஓடிவிடுகிறான். இது மிகப் பெரிய அநீதி. ஆனால் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தில் சரிசெய்துவிடக் கூடிய அநீதி.

புள்ளியியலுக்கு ஒரு சிறு எடுத்துக்காட்டு. ஒரு பிரிவில் ஐவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நால்வரின் மாதச் சம்பளம் ரூ.12,000, ரூ.13,000, ரூ.13,000, ரூ.14,000. ஐந்தாமவர் மேலாளர், அவர் சம்பளம் ரூ.98,000. ஐந்தையும் கூட்டினால் ரூ.1,50,000. ஐந்தால் வகுத்தால் சராசரி ரூ.30,000. "எங்கள் பிரிவில் சராசரிச் சம்பளம் முப்பதாயிரம்" என்று ஒருவர் மேடையில் சொன்னால் அது பொய் அன்று. ஆனால் ஏறுவரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரைப் பார்த்தால், இடைநிலை அளவு ரூ.13,000. எந்த அளவை எங்கே பயன்படுத்துகிறார்கள் என்று அறிந்தவனை எளிதில் ஏமாற்ற முடியாது. இதைத்தான் அந்தப் பாடத்தின் முதல் வாரங்களில் கற்பிக்கிறார்கள். கணிப்பு முறைச் சிந்தனை என்னும் பாடத்தில் கணினியே முதலில் வருவதில்லை. கடைச் சீட்டுகளையும் மாணவர் மதிப்பெண் அட்டைகளையும் ஓர் அடுக்காக வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, நிபந்தனைக்கு உட்பட்டதை எண்ணிக்கொண்டு, அடுக்கு தீரும்வரை அதையே செய்வது எப்படி என்று தொடங்குகிறார்கள். ஆலையில் தரச் சோதனை மேசையில் நின்றவன் இதையே எட்டு மணி நேரம் செய்கிறான். அவனுக்கு இது அயலான பாடமா?

இவ்வளவு எளிதென்றால் ஏன் எல்லோரும் சேர்ந்துவிடவில்லை என்று கேட்பீர்கள். எளிது என்று நான் சொல்லவில்லை. ஒரு பாடத்திற்கு வாரம் பத்து மணி நேரம் செலவிட வேண்டும் என்று அந்நிறுவனமே கூறுகிறது. நான்கு பாடத்திற்கு நாற்பது மணி நேரம். காலை ஆறு முதல் பிற்பகல் இரண்டு, இரண்டு முதல் இரவு பத்து, பத்து முதல் காலை ஆறு என்று வாரந்தோறும் மாறும் முறைப் பணியில் நிற்கும் பிள்ளைக்கு நாற்பது மணி நேரம் எங்கே கிடைக்கும்? இரவு முறையில் நின்று வந்தவன் காணொளியைப் போட்டுவிட்டு உறங்கிவிடுவான். அது அவன் குற்றமன்று, உடலின் இயல்பு. ஆகவே அந்த நான்கு வாரப் பாலத்திற்கு முன்னால் நாம் ஒரு படிக்கட்டுக் கட்ட வேண்டும். அவர்களுடைய அடிப்படை நிலைப் பாடக் காணொளிகள் யூடியூபில் எவரும் பார்க்கும்படி வைக்கப்பட்டுள்ளன. விண்ணப்பிப்பதற்கு முன்பே, கட்டணம் செலுத்துவதற்கு முன்பே அவற்றைப் பார்த்துப் படிக்கலாம். ஒரு வாரப் பாடத்தை நான்கு வாரமாகப் பிரித்துக்கொண்டால், பதினாறு வாரத்தில் முழுவதையும் ஒருமுறை முடித்துவிடலாம். நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் போதும். அதன் பின் விண்ணப்பித்தால், உண்மையான நான்கு வாரம் வரும்போது அது இரண்டாம் முறைப் படிப்பாக இருக்கும். தேர்ச்சி பெற்ற பிறகு, ஆண்டுக்கு மூன்று பருவம் உண்டு. ஒரு பருவத்தில் ஓரிரு பாடம் மட்டும் எடுத்துக்கொண்டு மெதுவாகச் செல்லலாம். அடிப்படை நிலையின் எட்டுப் பாடங்களோடு நிறுத்தினால் சான்றிதழும், அடுத்த நிலையில் பட்டயமும், பின்னர் பி.எஸ்ஸி., முழுமையாக முடித்தால் பி.எஸ். பட்டமும் கிடைக்கும். இடையில் நின்றவன் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை.

கட்டணத்தில் பட்டியல் வகுப்பினருக்குப் பாதிச் சலுகையும், குடும்ப ஆண்டு வருமானம் ஓர் இலட்சத்திற்கு உட்பட்டோருக்கு 75 விழுக்காடு வரை சலுகையும் அந்நிறுவனம் அறிவித்துள்ளது. தாட்கோ நிறுவனமும் இப்படிப்பில் சேரும் நம் மாணவர்களுக்கு உதவுவதாக 2022இல் அறிவித்தது. அந்தந்த ஆண்டின் அறிவிப்பைக் காஞ்சிபுரத்தில் உள்ள மாவட்ட மேலாளர் அலுவலகத்தில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டையும் இப்போதே இ-சேவை மையத்தில் வாங்கி வையுங்கள். கடைசி நாளில் சான்றுக்கு ஓடி வாய்ப்பைத் தவறவிட்டவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

சில எச்சரிக்கைகளையும் சொல்ல வேண்டும். இணையவழி என்று சொல்லிப் பணம் பறிப்போர் மலிந்துவிட்டனர். "ஒரே ஆண்டில் பட்டம்" என்ற சுவரொட்டிகளை ஒரகடம் கூட்டுச் சாலையிலேயே காணலாம். பல்கலைக்கழக மானியக் குழு ஏற்பளித்த படிப்பா என்று பாராமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டா. தொலைதூர வழியில் பொறியியல் பட்டம் என்பது செல்லாது. 2017இல் உச்ச நீதிமன்றமே அதைத் தெளிவுபடுத்திவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பு முடிக்காமல், நேரே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஆயத்தப் படிப்பின் வழியாகப் பட்டம் பெற்றோர் நம்மிடையே சிலர் உள்ளனர். அறிவு பெற அது நல்ல வழி. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அத்தகைய ஆயத்தப் படிப்பை நடத்துகிறது. ஆனால் தமிழக அரசுப் பணிக்கு அப்பட்டம் ஏற்கப்படாது என்று 2009ஆம் ஆண்டின் அரசாணை 107 கூறுகிறது. அரசுப் பணி எண்ணம் உள்ளவர்கள் பத்து, பன்னிரண்டு, அதன்பின் பட்டம் என்ற வரிசையைக் குலைக்காதீர்கள். பன்னிரண்டில் தவறியவர் முதலில் அதைத் துணைத் தேர்விலோ தனித் தேர்வராகவோ எழுதி முடிக்கட்டும். பத்தாம் வகுப்பிற்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர்கள், மொழிப் பாடத் தேர்வுகளை எழுதிப் பன்னிரண்டாம் வகுப்பிற்கு இணையான தகுதி பெறவும் அரசு வழி செய்துள்ளது. இது நம்மில் பலருக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்வேன், சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். நேரடிக் கல்லூரியில் இடமும், விடுதியும், உதவித்தொகையும் கிடைக்கக்கூடிய பிள்ளையை "ஆலைக்குப் போய்க்கொண்டே இணையத்தில் படி" என்று அனுப்பாதீர்கள். கல்லூரியில் நூலகம் உண்டு, நண்பர் உண்டு, வேறு தெருப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வாதிடும் துணிவு உண்டு. அவற்றைக் கைபேசித் திரை தராது. அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ரூ.1,000 கிடைக்கிறது. இணையவழி என்பது வாயில் அடைபட்டவனுக்குத் திறக்கும் வேறொரு வாயில். திறந்திருக்கும் வாயிலை அடைப்பதற்கான சாக்கு அன்று.

பெண் பிள்ளைகளின் நிலையைத் தனியே சொல்ல வேண்டும். பல வீடுகளில் ஒரே கைபேசி. அது தந்தையிடமோ தமையனிடமோ இருக்கும். 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது யாருடைய படிப்பு முதலில் நின்றது என்பதை வருகைப் பதிவேடு எனக்குச் சொல்லிற்று. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கக்கூடிய குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அத்தகைய விடுதிகளில் தங்கும் பெண்களுக்குத் தமையன் கையிலிருந்து விடுபட்ட ஒரு கைபேசியும், சமையல் வேலை இல்லாத சில மணி நேரமும் உண்டு. அங்கே இருக்கும் நம் பெண்களுக்கு இச்செய்தியைக் கொண்டு சேர்க்க வேண்டியது நம் மகளிர் குழுவின் வேலை. அந்தத் தாய்மார்கள் என்னைவிடச் சிறப்பாகச் செய்வார்கள்.

இறுதியாக ஏற்பாடு பற்றி. சங்கக் கட்டடத்தின் பின் அறையைச் செயற்குழு இப்பணிக்கு ஒதுக்கியுள்ளது. இணைய இணைப்பும் பெரிய திரையும் வைக்கப்படும். தனியே உட்கார்ந்து படிப்பவன் பாதியில் விட்டுவிடுவான். நால்வர் ஐவராக அமர்ந்து, காணொளியை இடையிடையே நிறுத்தி, அதைத் தமிழில் தமக்குள் சொல்லிப் பார்த்துப் படிப்பவர்கள் நிலைப்பார்கள். மூன்று முறைப் பணியாளருக்கும் ஏற்றவாறு ஒரே பாடம் காலை ஏழு மணிக்கும், மாலை நான்கு மணிக்கும் இருமுறை நடக்கும். ஞாயிறன்று பிற்பகல் பெண்களுக்கு மட்டும். கணிதத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆங்கிலத்திற்கு ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இசைந்துள்ளார். புள்ளியியலுக்கு, நம் தெருவிலிருந்து கல்லூரிக்குச் சென்று வணிகவியல் முடித்த இளைஞர் ஒருவர் முன்வர வேண்டும். அவர் இக்கூட்டத்தில்தான் எங்கோ அமர்ந்திருக்கிறார், தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார்.

பதிவேடு செயலாளரிடம் உள்ளது. கட்டணம் இல்லை. வரும்போது ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகங்களை எடுத்து வாருங்கள். பழைய தாள் கடைக்குப் போட்டுவிட்டவர்கள் கவலைப்பட வேண்டா; என் பள்ளி நூலகத்தில் மிகுதிப் படிகள் உண்டு, கேட்டு வாங்கித் தருகிறேன். முதல் வகுப்பு வரும் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு. இரவு முறை முடித்து வருவோர்க்குத் தேநீர் இருக்கும்.